அப்பா யார் என்று கேட்காத சட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அமெரிக்காவில் நடக்கும் பிறப்புரிமைக் குடியுரிமைச் சண்டையில், அதாவது அங்கே பிறந்தாலே குடிமகனா என்ற சண்டையில், நான் நடுநிலைக்காரன் இல்லை. நியூ ஜெர்சியில் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வேலை பார்க்கிறேன். மூத்த மகள் திருச்சியில் பிறந்து இரண்டு வயதில் இங்கே வந்தவள். இளையவள் இங்கேயே பிறந்தவள். ஒரே வீட்டில் வளரும் அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டுக் குடிமக்கள். இந்தச் சட்டத்தின் நியாயமும் அநியாயமும் தினமும் என் கண் முன்னாலேயே பள்ளிக்கூடம் போய் வருகின்றன.

2025 ஜனவரி 20, டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்ற நாள். அன்று கையெழுத்தான ஆணைகளில் 14160 என்ற எண்ணுள்ளது, இனி இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் குடிமக்களாக ஏற்க முடியாது என்றது. இரண்டு வகைக் குழந்தைகளுக்கு இல்லை. தாய் உரிய அனுமதி இல்லாமல் இங்கே இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால் அது முதல் வகை. தாய் சட்டப்படிதான் இருக்கிறார், ஆனால் தற்காலிக விசாவில் இருக்கிறார், தந்தைக்கும் அந்த இரண்டும் இல்லை என்றால் அது இரண்டாம் வகை. முதல் வகையைப் பற்றித் தொலைக்காட்சியில் கேட்டு "சரிதானே" என்று தலையாட்டியவர்கள் நம்மவர்களில் நிறைய உண்டு. இரண்டாம் வகையில் மாணவர் விசா, எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 எல்லாம் அடக்கம் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் பிரசவத் தேதிக் கணக்கு ஆரம்பித்துவிட்டது. ஆணை அமலுக்கு வர முப்பது நாள் இருந்தது. மார்ச் மாதத்துக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே சிசேரியன் செய்துகொள்ள முடியுமா என்று மருத்துவர்களைக் கேட்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. நல்ல நேரம் பார்த்து சிசேரியனுக்கு நாள் குறிக்கிறவர்கள்தான் நாம். அரசாணையைப் பார்த்து நாள் குறிக்க நினைத்தது அப்போதுதான்.

அந்த அவசரத்துக்குத் தேவை வரவில்லை. மறுநாளே 22 மாநிலங்கள் நீதிமன்றம் போய்விட்டன. 23-ஆம் தேதி சியாட்டிலில் ஒரு மூத்த நீதிபதி, ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர், இது அப்பட்டமாக அரசியலமைப்புக்கு விரோதமானது என்று சொல்லி ஆணையை நிறுத்திவைத்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீண்ட கதை. அதற்குப் போகும் முன், இத்தனை பேர் கட்டிப் புரளும் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பார்த்துவிடலாம்.

பதினான்காம் திருத்தம் 1868-இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்தது. அதன் முதல் வாக்கியத்தின் சாரம் இது: அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டிருக்கும் எல்லோரும் அமெரிக்காவின் குடிமக்கள், தாங்கள் வசிக்கும் மாநிலத்தின் குடிமக்களும்கூட. அவ்வளவுதான். அப்பா, அம்மா, தாத்தா என்று ஒருவரும் அதில் இல்லை.

அப்படி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை மனிதர் தன் விடுதலைக்காகப் போட்ட வழக்கில், ஆப்பிரிக்க வம்சாவளியினர் அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றிருந்தாலும் இந்த நாட்டின் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் தலைமை நீதிபதி ரோஜர் டானி. பல தலைமுறைகளாக இதே மண்ணில் பிறந்து, இதே மண்ணில் உழைத்துச் செத்தவர்களைப் பார்த்து, உன் வம்சம் சரியில்லை என்று சொன்ன தீர்ப்பு அது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, இனி எந்த நீதிமன்றமும் எந்த நாடாளுமன்றமும் கைவைக்க முடியாத இடத்தில் விடையை எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வம்சம் பற்றிய பேச்சையே எடுத்துவிட்டு, பிறந்த இடத்தை மட்டும் வைத்தார்கள்.

இது விடுதலையான அடிமைகளுக்காக மட்டும் எழுதப்பட்டது, குடியேறிகளை யாரும் மனதில் வைக்கவில்லை என்று இப்போது ஒரு வாதம் ஓடுகிறது. 1866 மே 30 அன்று செனட்டில் நடந்த விவாதம் அச்சில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் எட்கர் கோவன் எழுந்து, கலிபோர்னியாவில் சீனருக்குப் பிறக்கும் குழந்தையும் குடிமகனா, எங்கள் ஊரில் நாடோடி ஜிப்சிக்குப் பிறக்கும் குழந்தையும் குடிமகனா என்று கேட்டார். கலிபோர்னியாவின் ஜான் கானஸ், தானே அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர், ஆமாம், சீனக் குழந்தைகளும் குடிமக்களாகத்தான் வேண்டும் என்று பதில் சொன்னார். கோவனின் பயத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவை வாக்களித்தது. தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று சொல்ல இங்கே இடமில்லை.

கானஸ் சொன்னது நடக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது. அதை நடத்திக் காட்டியவர் ஒரு சமையல்காரர்.

வாங் கிம் ஆர்க், சான் பிரான்சிஸ்கோவின் சாக்ரமென்டோ தெருவில் பிறந்தவர். ஆண்டு 1873 என்று தீர்ப்பு சொல்கிறது. அப்பாவுக்கு அங்கே கடை, குடும்பம் அதே கட்டடத்தில் வாழ்ந்தது. பிறகு பெற்றோர் சீனாவுக்கே திரும்பிவிட்டார்கள். மகன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு 1890-இல் திரும்பியபோது, இங்கே பிறந்தவர்தானே என்று உள்ளே விட்டார்கள். 1894-இல் மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை கிளம்பும் முன்பே ஒரு சான்றிதழ் தயார் செய்துகொண்டார். அதில் அவருடைய புகைப்படம் இருந்தது. இவர் இங்கே பிறந்தவர் என்று வெள்ளைக்காரச் சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிறந்த ஊருக்குத் திரும்பி வருவதற்கு, கிளம்பும்போதே வேறு இனத்தவரின் சாட்சியம் வேண்டும். 1882-இல் வந்த சீனர் தடைச் சட்டத்தின் காலம் அது.

1895 ஆகஸ்டில் காப்டிக் என்ற கப்பலில் வந்து சேர்ந்தார். சுங்க அதிகாரி ஜான் வைஸ் இறங்க விடவில்லை. பிறந்தது இங்கே இருக்கலாம், பெற்றோர் சீனச் சக்கரவர்த்தியின் குடிகள், ஆகவே நீயும் சீனன் என்பது அரசாங்கத்தின் கட்சி. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மாதக்கணக்கில் கப்பலிலேயே இருந்தார். கப்பல் கிளம்ப வேண்டிய நாள் வந்தால் இன்னொரு கப்பலுக்கு மாற்றினார்கள். சீனர் சங்கங்கள் வக்கீல் வைத்தன. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பை எழுதிய ஹொரஸ் கிரே ஒன்றும் சீனர்களின் தோழர் இல்லை. பதினான்கு வருஷம் முன்பு, ஒமாஹாவில் ஓட்டுப் போடப் போன ஜான் எல்க் என்ற பழங்குடியைக் குடிமகன் இல்லை என்று திருப்பி அனுப்பிய தீர்ப்பை எழுதியவரும் அவர்தான். (இந்த மண்ணின் ஆதிக்குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924-இல்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.) வாங் வழக்கில் எதிர்த்து நின்ற இருவரில் ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன். இரண்டே வருஷம் முன்னால், கறுப்பர்களைத் தனி ரயில் பெட்டியில் உட்கார வைக்கலாம் என்று மற்ற நீதிபதிகள் எல்லாம் சொன்னபோது, ஒற்றை ஆளாக மறுத்து எழுதி இன்றுவரை கொண்டாடப்படுகிறவர். சீனர் விஷயம் வந்ததும் அவருக்கும் மனம் வரவில்லை. நல்லவர்களை நம்பிச் சட்டம் செய்யக்கூடாது என்று என் மாமனார் அடிக்கடி சொல்வார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவானது எதுவோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "அதிகார வரம்புக்கு உட்பட்டு" என்ற சொற்கள் சும்மா போடப்பட்டவை இல்லை, முழு விசுவாசத்தைக் குறிக்கின்றன என்கிறார்கள். வாங்கின் பெற்றோர் இங்கே நிலையாகக் குடியிருந்து வியாபாரம் செய்தவர்கள் என்று தீர்ப்பே சொல்கிறது, ஆகவே அது நிலையாகக் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பொருந்தும், வந்து போகிறவர்களுக்கும் திருட்டுத்தனமாக நுழைந்தவர்களுக்கும் இல்லை என்கிறார்கள். அந்தச் சொற்கள் தீர்ப்பில் இருப்பது உண்மை. ஆனால் கிரே தன் முடிவை அதன்மேல் கட்டவில்லை. ஆங்கிலேயரின் பழைய சட்ட மரபுக்குப் போய், ஒரு நாட்டில் இருக்கும் வரை அந்நியனும் அதன் பாதுகாப்பில்தான் இருக்கிறான், அந்த விசுவாசம் தற்காலிகமானதுதான் என்றாலும் அவனுக்குப் பிறக்கும் பிள்ளையை அந்நாட்டவன் ஆக்க அது போதும் என்று எழுதினார். வெளியே நிறுத்தியவர்கள் சிலர்தான்: தூதர்களின் பிள்ளைகள், படையெடுத்து வந்து நாட்டைப் பிடித்திருக்கும் எதிரிகளின் பிள்ளைகள், வெளிநாட்டு அரசுக் கப்பலில் பிறந்தவர்கள், அப்போதைய பழங்குடிகள்.

அதிகார வரம்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிய நெடுஞ்சாலை போதும். வேகமாகப் போனால் போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொல்லி என் கையில் சீட்டைக் கொடுக்கிறார். தூதரக எண் பலகை உள்ள காரில் இருப்பவரைக் கைது செய்ய முடியாது. அந்த வித்தியாசம்தான் விஷயம். விசா இல்லாமல் கட்டட வேலைக்குப் போகிறவரையும் இந்த நாட்டுப் போலீஸ் பிடிக்கும், இந்த நாட்டு நீதிமன்றம் தண்டிக்கும். அவர் அதிகார வரம்புக்கு வெளியே இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது?

திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் பற்றி ஒரு சம்பவம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா 1808-லேயே தடை செய்துவிட்டது. 1860-இல் க்ளோட்டில்டா என்ற கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடத்தி வந்து அலபாமாவின் மொபீல் பக்கம் இரவோடு இரவாக இறக்கியது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்தனை பேரும் தடையை மீறிக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள்? பதினான்காம் திருத்தம் யாரை முதலில் காப்பாற்ற எழுதப்பட்டதோ அவர்கள்தான். பெற்றோர் வந்த விதத்தைப் பிள்ளையின் தலையில் கட்டலாம் என்றால், அந்தத் திருத்தத்தை எழுதிய நோக்கமே அடிபட்டுப் போகும். சட்டப் பேராசிரியர்கள் சிலரும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு மற்ற வாதங்களைவிட இதுதான் மனதில் நின்றது.

இன்னொன்று, நிலையான குடியிருப்பு என்பதையே அளவாக வைத்தாலும் என்னைப் போன்றவர்களை எங்கே நிறுத்துவீர்கள்? எச்-1பி வைத்திருப்பவன் இங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு விண்ணப்பிக்கலாம் என்று குடிவரவுச் சட்டமே இடம் கொடுக்கிறது. வீட்டுக் கடன் கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், வாங்கவே முடியாமல் போகக்கூடிய ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கிறோம். சாக்ரமென்டோ தெருவில் கடை வைத்திருந்த வாங்கின் அப்பாவைவிட நாங்கள் எந்த விதத்தில் தற்காலிகம்?

கமலா ஹாரிஸுக்கும் இந்தக் கேள்வி வந்தது. மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம் அவருடைய தாத்தா ஊர். அம்மா சியாமளா கோபாலன் 1958-இல் படிக்க வந்தவர், அப்பா ஜமைக்காவிலிருந்து படிக்க வந்தவர். 1964-இல் ஓக்லண்டில் கமலா பிறந்தார். 2020-இல் அவர் துணை அதிபர் வேட்பாளர் ஆனதும், ஜான் ஈஸ்ட்மன் என்ற சட்டப் பேராசிரியர், பெற்றோர் அப்போது மாணவர் விசாவில் இருந்திருந்தால் இவர் குடிமகளே இல்லையே என்று கேள்வி எழுப்பினார். அன்று அதைப் படித்தவர்கள் பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிந்தனைதான் ஐந்தே வருஷத்தில் அரசாணையாக வந்தது.

இப்போது மாமனார். தஞ்சாவூர் ஜில்லாவில் தாலுகா ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேத்திகளிடம் பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடுவார். ஆணை வந்த வாரம் கேட்டார்:

"நம்ம நாட்டுலயும் இப்ப பிறந்தா மட்டும் போதாதே மாப்பிள்ளை. அப்பா அம்மா யாருன்னு பார்க்கத்தானே செய்யறோம். அவங்க மட்டும் ஏன் பார்க்கக் கூடாது?"

நியாயமான கேள்வி. சமாளிக்கக் கூடாது. இந்தியாவும் பிறந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. அரசியல் நிர்ணய சபையில் 1947-லேயே சர்தார் படேல், குடியுரிமையைக் குறுகலாகப் பார்க்கக் கூடாது, உலகம் நம்மைக் கவனிக்கிறது என்று பேசினார். 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1950 ஜனவரி 26-க்குப் பின் இந்தியாவில் பிறந்த ஏறக்குறைய எல்லோரும் குடிமக்கள். பிறகு வங்கதேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களை எதிர்த்து அசாம் கிளர்ச்சி வந்தது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றார்கள். 2004 டிசம்பர் 3 முதல் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். பிரிட்டன் 1983-இல், ஆஸ்திரேலியா 1986-இல், அயர்லாந்து 2004-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, இதே திசையில் போயின. பிறந்தாலே குடிமகன் என்பது இன்று பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் வழக்கம்தான். ஆகவே, இது இல்லாத நாடெல்லாம் காட்டுமிராண்டி நாடு என்று நான் வாதிடமாட்டேன்.

ஆனால் மாமாவிடம் திருப்பி ஒன்று கேட்டேன். "ஒரு வாரிசுச் சான்று கொடுக்க நீங்க எத்தனை பேப்பர் கேட்பீங்க மாமா?"

சிரித்துவிட்டு, தான் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பெயரில் ஒரு எழுத்து மாறினால் திருப்பி அனுப்புவது, தாத்தாவின் இறப்புப் பதிவு இல்லாமல் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் அலைவது, வசதியுள்ளவன் வக்கீலோடு வந்து ஒரே நாளில் வாங்கிப் போவது. கேட்கிற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், பதில் சொல்லும் வசதி எல்லோருக்கும் ஒன்றில்லை என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அசாமில் யார் குடிமக்கள் என்று கணக்கெடுத்து 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுபட்டார்கள். அவர்களிடம் கேட்டதும் அப்பா, தாத்தா ஆவணங்களைத்தான்.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. இலங்கையிலிருந்து 1983-க்குப் பின் வந்தவர்களின் அகதி முகாம்களில், 1987 ஜூலைக்கு முன் பிறந்த குழந்தை இந்தியக் குடிமகன், அடுத்த வருஷம் அதே கூரையின் கீழ் பிறந்த தம்பி இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், சட்டம் தெளிவாகத் தன் பக்கம் இருந்தும் பாஸ்போர்ட் வாங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போக வேண்டியிருந்தது.

முகாம்களில் இருப்பவர்களில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இது இரண்டாவது அடி. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் இந்தியத் தமிழர் என்ற சொல்லே கிடையாது. இலங்கையில் பிறந்தது போதாது, அப்பாவும் இங்கே பிறந்தவர் என்றோ, இல்லாவிட்டால் அப்பாவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டு என்றது. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவனிடம், கங்காணியோடு கப்பலேறி வந்த பரம்பரையிடம், அப்பா பிறந்ததற்குக் காகிதம் எங்கே இருக்கும்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களை அனுப்பிய சமூகம் அது. அன்று கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போனது, சட்டத்தில் இனப்பெயர் இல்லையே என்று 1953-இல் தள்ளிவிட்டார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தாயகம் திரும்பியவர்கள் என்று சொல்லப்படுகிறவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் இந்தியாவையே பார்த்ததில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அமெரிக்காவின் அந்த வாக்கியத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. அதன் பலம் தாராள மனதில் இல்லை. கேள்வி கேட்காததில் இருக்கிறது. இளையவள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா படிவத்தோடு வந்தார். பெயர், அம்மா பிறந்த ஊர், அப்பா பிறந்த ஊர், படிப்பு, சமூகப் பாதுகாப்பு எண் இப்போதே வேண்டுமா என்று ஒரு கட்டம். எங்கள் விசா என்ன என்று கேட்கவே இல்லை. என் மனைவி பாதித் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். சில வாரத்தில் அட்டை தபாலில் வந்தது. அவள் குடிமகள் என்பதை முடிவு செய்ய எந்த அதிகாரியும் தேவைப்படவில்லை.

ஆணை அமலுக்கு வந்தால் இந்த இடம்தான் மாறும். வருஷத்துக்குச் சுமார் 36 லட்சம் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், பிறப்புச் சான்று மட்டும் போதாது என்றாகிவிடும். அமெரிக்கப் பெற்றோரும் தங்களை நிரூபிக்க வேண்டும், ஏனென்றால் நிரூபிக்காதவரையும் நிரூபிக்க முடியாதவரையும் பார்த்தவுடன் பிரித்தறிய வழியில்லை. முகத்தைப் பார்த்துப் பிரித்தால் ஒழிய. நம் குழந்தைகளோ பிறந்த ஊரிலேயே விசா கேட்டு நிற்கும். விசா இல்லாத பெற்றோரின் குழந்தை, எந்த எல்லையையும் தாண்டாமலேயே சட்டவிரோதக் குடியேறியாகக் கண் விழிக்கும்.

பிள்ளையைக் காட்டிப் பெற்றோர் குடியேறிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். பெற்றோருக்கு விண்ணப்பிக்கப் பிள்ளைக்கு 21 வயதாக வேண்டும். பிரசவத்துக்காகவே சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் உண்டு, அதை விசா கொடுக்கும் இடத்தில் தடுக்கலாம், தடுக்கவும் செய்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. என் மூத்தவளுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. தங்கையின் அதே ஆங்கிலம், அதே பள்ளி, கொடிவணக்கம்கூட அதேதான். ஆனால் அவளுக்கு 21 வயதாகும் நாளில், என் கிரீன் கார்டு வராவிட்டால், என்னைச் சார்ந்த விசா போய்விடும். ஒரு நாட்டவருக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை ஆமையாக நகர்கிறது. 2025 முடியும்போதும் எங்கள் பிரிவில் 2013-ஆம் ஆண்டு விண்ணப்பங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தாயா, பிறந்த இடம் என்பது வெறும் அதிர்ஷ்டம்தானே, அதில் என்ன நியாயம் என்று ஒரு நண்பர் கேட்டார். அதிர்ஷ்டம்தான். அப்பன் யார் என்பதும் அதிர்ஷ்டம்தான். மூத்தவளுக்கு நடக்கும் அநியாயத்தைச் சரிசெய்ய இளையவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பது எந்த ஊர்க் கணக்கு?

சரி, நீதிமன்றத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வழி கடினம் என்பதால் பேனாவை எடுத்தார்கள். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆணை சரியா தவறா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுக்கத் தடை போடலாமா என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்படிப் போட முடியாது என்றது. விளைவை யோசித்துப் பாருங்கள். நியூ ஜெர்சி வழக்குப் போட்ட மாநிலம், டெக்சாஸ் போடவில்லை. ஒரே கம்பெனியில் ஒரே விசாவில் வேலை பார்க்கும் இரண்டு பேரில், நியூ ஜெர்சியின் எடிசனில் பிறந்த குழந்தை குடிமகன், டெக்சாஸின் டல்லாஸில் பிறந்தது இல்லை என்ற நிலைமைக்கு அன்று கதவு திறந்தது. ஒரு மாநிலத்தில் அடிமை, இன்னொரு மாநிலத்தில் சுதந்திரன் என்றிருந்த டிரெட் ஸ்காட் காலத்து நிலைமை அது. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நீதிபதி, பாதிக்கப்படக்கூடிய குழந்தைகள் எல்லோரையும் ஒரே தரப்பாகச் சேர்த்துக்கொண்டு மறுபடி தடை போட்டதால் அது நடக்கவில்லை. டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், இந்தத் தடவை ஆணை செல்லுமா என்ற கேள்வியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இளையவளுக்கு இதனால் ஆபத்தில்லை, ஆணை இனிப் பிறப்பவர்களுக்குத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வாதம் அங்கே நிற்காது. 1868-லிருந்தே அந்த வாக்கியத்துக்கு இதுதான் அர்த்தம் என்று அரசு சொன்னால், நேற்றுப் பிறந்தவருக்கும் அதே அர்த்தம்தானே? டொமினிகன் குடியரசில் 2013-இல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 1929 வரை பின்னோக்கிப் போய், ஹெயிட்டி வம்சாவளியினரின் குடியுரிமையைப் பறித்தது. வாங் கிம் ஆர்க்கும் ஜெயித்த பிறகு நிம்மதியாக இருந்துவிடவில்லை. 1901-இல் மெக்சிகோ எல்லையில் எல் பாசோ நகரத்தில் அவரைப் பிடித்து, 300 டாலர் பிணையில் விட்டு, நீ சீனன் இல்லை என்று நிரூபி என்றார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றமே பெயர் சொல்லிக் குடிமகன் என்று அறிவித்த மனிதரை. 1910-இல் வந்த அவருடைய மூத்த மகனை, இவருடைய பிள்ளை என்று நம்பாமல் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். பின்னால் வந்த மூன்று பிள்ளைகளைத்தான் உள்ளே விட்டார்கள்.

அதனால் நான் ஒரு கோப்பு போட ஆரம்பித்திருக்கிறேன். இளையவள் பிறந்த வருஷத்து வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, எங்கள் இருவரின் விசா, விமான நிலையத்தில் கொடுத்த நுழைவுப் பதிவு எல்லாம் அதில் போகின்றன. யாரும் கேட்கவில்லை. மாமாவிடம் சொன்னபோது இது வீண் பயம் என்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அசலைக் கையில வச்சுக்குங்க மாப்பிள்ளை. ஜெராக்ஸ் மூணு செட் போட்டு, ஒரு செட்டை இங்க அனுப்பிடுங்க. மூத்தவளுக்கும் சேர்த்தே போடுங்க."